சாவியால் பூட்டப்பட்ட நாடு: போஸ்னியாவும் இனவாரி ஆட்சியும்

1989-க்கும் 1991-க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பொதுவுடைமைக் கட்சிகளின் ஆட்சி அடுத்தடுத்துச் சரிந்ததைத் தொடர்ந்து அங்கு மூண்ட இனப் பூசல்களுக்கு, மேற்கத்திய அரசியல்வாதிகளும் செய்தியாளர்களும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பல நூற்றாண்டுப் பகை பொதுவுடைமை ஆட்சியின் கீழ் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தது, பனி உருகியதும் அது உயிர்பெற்று எழுந்தது என்பதே அந்த விளக்கம். கேட்பதற்கு எளிதான இந்தக் கூற்று உண்மைக்குப் புறம்பானது; தலையிட்டுத் தடுத்திருக்க வேண்டியவர்கள் கைகட்டி நிற்பதற்கு நல்ல சாக்காகவும் அது பயன்பட்டது. பொதுவுடைமை அரசுகள் இன அடையாளத்துக்குப் பெயர் சூட்டி, எல்லை வகுத்து, பதவி ஒதுக்கி, அதை அரசின் அமைப்புக்குள்ளேயே குடியமர்த்தின என்பதுதான் வரலாறு காட்டும் செய்தி. அதற்குப் போஸ்னியாவை விடத் துயரமான சான்று வேறில்லை.

சோவியத் ஒன்றியத்தில் 1932-இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு அறிமுகமானபோது, அதை வைத்திருப்பவர் எந்தத் தேசிய இனத்தைச் சேர்ந்தவர் என்பதும் அதில் எழுதப்பட்டது. தேசிய இனம் என்பது இங்கே குடியுரிமையைக் குறிக்கவில்லை. குடியுரிமை எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் ஒருவர் ரஷ்யரா, ஆர்மேனியரா, யூதரா என்பது பெற்றோர் வழியாக வந்து வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றியத்தின் 15 குடியரசுகளும் ஒவ்வோர் இனத்தின் பெயரைத் தாங்கியிருந்தன. யூகோஸ்லாவியாவும் இதே வழியில்தான் சென்றது. நாஜிகளை எதிர்த்துப் போராடிய பொதுவுடைமைத் தலைவர் டிட்டோவின் தோழர்கள் 1943 நவம்பர் 29 அன்று மத்திய போஸ்னியாவின் யாய்த்சே என்ற சிற்றூரில் கூடி, எதிர்கால யூகோஸ்லாவியா ஒரு கூட்டாட்சியாக இருக்கும் என்று தீர்மானித்தார்கள். அவ்வாறு உருவான நாட்டில் ஆறு குடியரசுகளும் இரண்டு தன்னாட்சி மாகாணங்களும் இருந்தன. அமைச்சர் பதவி முதல் ஆலை மேலாளர் பதவி வரை இனவாரியாகப் பங்கிடும் முறைக்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர் ‘கிளுச்’. சாவி என்று பொருள். எந்தக் கதவைத் திறக்கவும் ஏதேனும் ஓர் இனத்தைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும் என்பதை அந்தச் சொல் உள்ளபடியே உணர்த்துகிறது.

மற்ற ஐந்து குடியரசுகளும் தத்தம் பெரும்பான்மை இனத்தின் பெயரைக் கொண்டிருக்க, போஸ்னியா மட்டும் எந்த ஓர் இனத்துக்கும் தனியாக உரியதாக இல்லை. 1991 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்களில் 43.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 31.2 விழுக்காட்டினர் செர்பியர், 17.4 விழுக்காட்டினர் குரோஷியர். முஸ்லிம் என்பது இங்கே மதத்தின் பெயர் மட்டுமன்று. தொழுகைக்கே போகாதவரும், கட்சி உறுப்பினராக இருந்த நாத்திகரும்கூட அந்தப் பெயரில் ஒரு தேசிய இனமாக 1971 கணக்கெடுப்பில் பதிவு செய்துகொள்ள முடிந்தது. 1993 முதல் அவர்கள் தங்களைப் போஸ்னியாக்கியர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். மூன்று இனத்தவரும் பேசுவது ஒருவருக்கொருவர் தடையின்றிப் புரியும் ஒரே பேச்சு. ரொட்டிக்கும் காபிக்கும் சிறிது வேறுபட்ட சொற்கள் உண்டு, அவ்வளவே. 1991 கணக்கெடுப்பில் 5.5 விழுக்காட்டினர் எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமல் தங்களை யூகோஸ்லாவியர் என்றே பதிவு செய்தார்கள். கலப்பு மணம் புரிந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பலராக இருந்த இந்தப் பிரிவினருக்குக் குடியரசு, கட்சி, படை எதுவும் இல்லாததால், பின்னால் வந்த எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

பல இனங்கள் கலந்து வாழ்ந்த எல்லாப் பொதுவுடைமை நாடுகளும் போரில் முடியவில்லை. பல்கேரியாவில் துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களை 1984-85 குளிர்காலத்தில் அரசே வலுக்கட்டாயமாக மாற்றியது, 1989 கோடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்கு வெளியேறினார்கள். ஆயினும் ஆட்சி மாறியதும் பெயர்கள் திருப்பித் தரப்பட்டன, துருக்கியரின் ஆதரவு பெற்ற கட்சி நாடாளுமன்றத்துக்குள் வந்தது, துப்பாக்கிகள் எழவில்லை. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று அமைதியாகவே இரண்டாகப் பிரிந்தது. அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியருக்கென வகுக்கப்பட்ட நகோர்னோ-கராபாக் தன்னாட்சி வட்டாரத்தின் மன்றம் 1988 பிப்ரவரியில் ஆர்மேனியாவுடன் இணையத் தீர்மானித்தபோதோ நிலைமை வேறாக இருந்தது. அந்தப் பூசல் 35 ஆண்டுகள் நீடித்து, 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களுக்குள் ஊரைவிட்டு ஓடியதில் முடிந்தது. இனத்துக்கென்று நிலமும் மன்றமும் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்து, அந்த எல்லைக்குள் வேறு இனத்தவரும் பெருந்தொகையாக வாழ்ந்த இடங்களில்தான் மைய அரசின் வீழ்ச்சி மிகக் கொடியதாயிற்று.

யூகோஸ்லாவியாவின் வீழ்ச்சியை முதலில் தொடங்கிவைத்தது கடன். 1980-இல் டிட்டோ மறைந்தபோது நாடு பெரும் வெளிநாட்டுக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பணவீக்கம் கட்டுமீறிச் சென்றது. செர்பியாவின் தலைவர் ஸ்லொபொதான் மிலோஷெவிச் மக்களின் மனக்குறையை இனத்தின் பக்கம் திருப்பி, 1989-இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். குரோஷியாவின் புதிய அரசியலமைப்பு 1990 டிசம்பரில் செர்பியரை அரசமைக்கும் இனம் என்ற நிலையிலிருந்து சிறுபான்மையினர் என்ற நிலைக்கு இறக்கியது. போஸ்னியாவில் 1990 நவம்பரில் நடந்த முதல் பல கட்சித் தேர்தலில் மூன்று இனங்களின் மூன்று கட்சிகளே வென்றன. வாக்காளர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டாரை வெறுத்து வாக்களித்தார்கள் என்று கொள்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. பொதுவான காவலாக இருந்த அரசு இல்லாமல் போகும்போது, அடுத்த இனத்தார் தங்கள் கட்சிக்கு வாக்களித்துவிட்டால் தனக்கென்று யார் இருப்பார் என்ற அச்சம் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் எழுகிறது. ஒருவர் தற்காப்புக்காக எடுக்கும் அடி மற்றவர் கண்ணுக்குத் தாக்குதலின் முன்னேற்பாடாகத் தெரிகிறது.

1992 ஏப்ரலில் போஸ்னியா தனிநாடாக அங்கீகரிக்கப்பட்டதும் போர் முழு அளவில் மூண்டது. அந்த ஆண்டு மே 31 அன்று, செர்பியப் படைகள் கைப்பற்றியிருந்த வடமேற்கு நகரமான பிரியெடோரில், செர்பியர் அல்லாதோர் தங்கள் வீடுகளில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட வேண்டும், வெளியே வரும்போது கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும் என்று வானொலியில் ஆணை ஒலித்தது. கூடி வாழ்ந்த தெருவில் யார் யார் என்று அடையாளம் காண ஆயுதமேந்தியவர்களுக்கே துணி தேவைப்பட்டது என்பதைவிட, தொல்பகை என்ற கட்டுக்கதைக்கு வலுவான மறுப்பு இருக்க முடியாது. மூன்றரை ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னியாக்கிய ஆண்களும் சிறுவர்களும் கொன்று புதைக்கப்பட்டதைப் பன்னாட்டு நீதிமன்றங்கள் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்துள்ளன.

1995-இன் இறுதியில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உருவான உடன்பாடு போரை நிறுத்தியது. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் நாட்டின் அரசியலமைப்பே அந்த உடன்பாட்டின் நான்காம் பிற்சேர்க்கைதான். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. அதன்படி நிலப்பரப்பில் 51 விழுக்காடு போஸ்னியாக்கிய-குரோஷியக் கூட்டமைப்புக்கும், 49 விழுக்காடு ‘ரெபுப்லிகா சர்ப்ஸ்கா’ எனப்படும் செர்பியர் பகுதிக்கும் வகுக்கப்பட்டது. குடியரசுத் தலைமை மூவர் கையில் இருக்கும்: ஒரு போஸ்னியாக்கியர், ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். நாடாளுமன்ற மேலவையின் 15 இடங்கள் இனத்துக்கு ஐந்து. ஏதேனும் ஓர் இனத்தின் உயிர்நாடியான நலன் பாதிக்கப்படுகிறது என்று கூறிச் சட்டங்களை முடக்கவும் வழி உண்டு. பழைய சாவி ஒரு நிர்வாக வழக்கமாக இருந்தது. டேட்டன் அதை நாட்டின் அடிப்படைச் சட்டமாக ஆக்கிவிட்டது.

மூன்று இனங்களில் எதிலும் சேராதவர்களை அரசியலமைப்பு ‘மற்றவர்கள்’ என்று குறிப்பிடுகிறது. ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் யூதரான யாகொப் ஃபின்ட்சியும், பிறந்த நாட்டிலேயே தலைமைப் பதவிக்குப் போட்டியிட முடியாத நிலையை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2009 டிசம்பர் 22 அன்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு இன்றுவரை திருத்தப்படவில்லை. திருத்த வேண்டிய கட்சிகள் அந்தப் பாகுபாட்டால்தான் வாழ்கின்றன என்பதே காரணம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதை அங்கு விற்கும் ஒரு சிகரெட் பெட்டியில் காணலாம். புகைத்தல் கொல்லும் என்ற எச்சரிக்கை போஸ்னிய மொழியில் ஒரு முறை, குரோஷிய மொழியில் ஒரு முறை, செர்பிய மொழியில் ஒரு முறை என அச்சாகிறது: ‘புஷெஞே உபியா’, மீண்டும் ‘புஷெஞே உபியா’, பிறகு அதே இரண்டு சொற்கள் சிரிலிக் எழுத்தில். பள்ளிகளில் இது கொடுமையாகவே மாறுகிறது. ‘ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்’ என்ற ஏற்பாட்டின்படி, கூட்டமைப்பின் சில பகுதிகளில் போஸ்னியாக்கியப் பிள்ளைகளும் குரோஷியப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் தனித்தனி வகுப்புகளில், தனித்தனி ஆசிரியர்களிடம், வெவ்வேறு பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். சில இடங்களில் நுழைவாயில்கூட வேறு. அகதிகள் ஊர் திரும்ப உதவும் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய இது ஒரு தலைமுறையையே கடந்துவிட்டது.

எனினும் சாதாரண மக்கள் இதற்கு முழுமையாக இணங்கிவிடவில்லை. 2014 பிப்ரவரியில் தூஸ்லா என்ற தொழில் நகரில், தனியார்மயத்துக்குப் பின் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் இறங்கியபோது, போராட்டம் நாடெங்கும் பரவியது. ‘மூன்று மொழிகளிலும் பசிக்கிறது’ என்ற முழக்கம் பதாகைகளில் எழுந்தது. அதன் பின்னர் யாய்த்சேயில், 1943-இல் கூட்டாட்சிக்குக் கால்கோள் இட்ட அதே ஊரில், ஒன்றாகப் படித்துவந்த மேல்நிலைப் பள்ளி மாணவர்களை இனவாரியாகப் பிரிக்க மண்டல அதிகாரிகள் திட்டமிட்டார்கள். போஸ்னியாக்கிய மாணவர்களும் குரோஷிய மாணவர்களும் சேர்ந்து 2016-இலும் 2017-இலும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2017-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.