விளக்குக் கம்பத்தில் தொங்கும் அறிவித்தல்

கவுன்சில் எல்லாத்தையும் முதலே முடிவெடுத்துப் போட்டுத்தான் எங்களைக் கேக்குது: இங்கிலாந்தில் எங்கட சனம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. அதில் நியாயமும் இருக்கிறது. பெரும்பாலான கட்டட விண்ணப்பங்கள் கவுன்சிலர்களின் குழுவுக்கே போவதில்லை, அதிகாரிகளே தீர்த்துவிடுகிறார்கள். அனுமதி மறுத்தால் விண்ணப்பித்தவர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்தால் அயலவருக்கு அந்த உரிமை இல்லை. 6 வாரத்துக்குள் நீதிமன்றம் போகலாம், அதுவும் சட்டப் பிழை இருந்தால் மட்டும். அதுக்கு யாரிட்ட காசு இருக்கு?

ஆனால் எங்கட பக்கத்திலும் பிழை இருக்கு. விளக்குக் கம்பத்தில் கட்டிய அறிவித்தலை எத்தனை பேர் நின்று வாசிக்கிறோம்? கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள் தருகிறார்கள். எழுதுபவர்களும் 'வீட்டு விலை விழும்' என்றே எழுதுகிறார்கள். அது எடுபடாது. வெளிச்சம் மறைவது, பக்கத்து ஜன்னலிலிருந்து எங்கட வீட்டுக்குள் தெரிவது, சத்தம், வாகன நெரிசல், இவைதான் எடுபடும்.

வரைபடங்கள் கவுன்சில் இணையத்தளத்தில் கிடக்கின்றன. கவுன்சிலர்களின் சொத்து, தொழில் விபரப் பதிவேட்டையும் யாரும் பார்க்கலாம். இங்கே படித்த பிள்ளைகள் அம்மா அப்பாவோடு அரை மணித்தியாலம் இருந்தால் போதும், ஒரு நல்ல கடிதம் எழுதலாம்.

நாளைக்கு எங்கட கோயிலுக்கும் அதே கவுன்சிலிடம்தான் அனுமதி கேட்கவேணும். அப்போது எதிர்ப்பது அயலவராக இருக்கும். நியாயமான நடைமுறை அன்றைக்கும் எங்களுக்குத் தேவைப்படும்.