எலுமிச்சையும் வெயிலும்: முகத்தைக் கருக்கும் கைவைத்தியம்

எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசினால் முகக் கருமை நீங்கும் என்று சொல்லும் காணொளிகள் கைபேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. இரண்டும் அடுப்பங்கரைப் பொருள்கள் என்பதால் பயமில்லாமல் பூசிக்கொள்கிறார்கள். ஆனால் வயிறு ஏற்பதையெல்லாம் தோல் ஏற்காது.

தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் ஏறத்தாழ 5. ஈரத்தைக் காத்துக் கிருமியைத் தடுக்கும் மேல்படலம் நிலைப்பது இந்த அளவில்தான். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது. ஓர் எண் இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், சாறு தோலைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு கடுமையானது. ஆப்பசோடாவோ 8-ஐத் தாண்டிய காரம். இரண்டையும் கரண்டிக் கணக்கில் கலந்தால், நுரை அடங்கிய பிறகு எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெயிலில் இருக்கிறது. நம் ஊர் எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. இவை நம் தோலில் படிந்திருக்கும்போது சூரியனின் புறஊதா 'ஏ' கதிர் பட்டால் தோல் செல்கள் வெந்துபோகின்றன. இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். எரிச்சலும் சிவப்பும் கொப்புளமும் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால், பலர் எலுமிச்சையைச் சந்தேகிப்பதே இல்லை. சாறு வழிந்த தடத்திலேயே, தாடையிலிருந்து கழுத்துவரை கோடுகோடாகப் புண் இறங்கியிருப்பதைக் கொண்டு தோல் மருத்துவர்கள் காரணத்தை ஊகிக்கிறார்கள். முழங்கையின் உட்புறத்தில் தடவிச் சோதித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கே உதவாது. வெயில் படாத இடத்தில் இந்த வினை நடக்காது.

புண் ஆறினாலும் தடம் மாதக்கணக்கில் நிற்கும். மெலனின் மிகுந்த மாநிறத் தோலும் கருநிறத் தோலும் காயத்துக்குப் பெரும்பாலும் நிறமியைக் கூட்டியே பதில் தருவதால் தடம் இன்னும் அடர்த்தியாகும். கருமையைப் போக்கப் பூசியது கருமையைக் கொடுத்துவிடுகிறது. அதை மறைக்க மேலும் பூசுவது கொடுமை.

சிலர் இந்தக் கலவையில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பையும் சேர்க்கிறார்கள். சில நாள் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருக்கள் கிளம்பும், நிறுத்தினால் எரியும். மருத்துவர் சீட்டில்லாமல் தொடவே கூடாத மருந்து இது.

கடலைமாவு, தயிர் போன்றவை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. எலுமிச்சையைப் பூசிவிட்டவர்கள் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.