மூட்டுவலி மாத்திரையும் வாய்ப்புற்றும்

தென்காசிப் பக்கம் புற்றுநோய் என்று தெரிந்தால், பல குடும்பங்கள் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் (ஆர்.சி.சி.) ஓடுகின்றன. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டில், நோயாளியோடு துணைக்குப் போகிறவரின் கூலியும் அன்றைக்குப் போச்சு. ஆளுக்கேற்ற சிகிச்சை என்றாலே மரபணுச் சோதனையைத்தான் பேசுகிறோம். இந்தக் கூலிக் கணக்கும் அதில் சேர வேண்டும் என்பது என் கட்சி.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. முற்றிய வாய், தொண்டைப் புற்றுக்கு அவர்கள் எடுத்தவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள, வீட்டிலிருந்தே விழுங்கக்கூடிய மாத்திரைகள். செலிகாக்சிப், மூட்டுவலிக்காரர்களுக்குப் பழகிய பெயர். எர்லோடினிப், நுரையீரல் புற்றுக்கு வந்தது. மெத்தோட்ரெக்சேட் 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே ஆய்வுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

வழக்கமான கீமோவில் பெரிய அளவு மருந்தை ஏற்றிவிட்டு, உடம்பு தேற மூன்று வாரம் விடுவார்கள். அந்த இடைவெளியில் கட்டியும் தேறிக்கொள்ளும். இங்கே சிறு அளவில், நீண்ட இடைவெளி விடாமல் கொடுக்கிறார்கள். கட்டிக்குத் தீனி கொண்டுபோகும் புது ரத்தநாளங்கள் முளைப்பது தடைபடுகிறது. செல் பிரிவதற்கு வேண்டிய ஃபோலேட்டை மெத்தோட்ரெக்சேட் மறிக்கிறது. 'வளர்' என்று செல்லுக்கு வரும் சமிக்ஞையை எர்லோடினிப் அடைக்கிறது.

முதலில் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் இரண்டை மட்டும் 422 பேரிடம் சோதித்தார்கள். 2020-ல் வெளிவந்த முடிவு: வழக்கமான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 6.1 மாதம், மாத்திரைக்காரர்களுக்கு 7.5.

2023-ல் வந்தது இன்னும் சுவாரசியமானது. மூன்று மாத்திரைகளோடு நிவோலுமாப் சேர்ந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை விடுவிக்கும் இந்த மருந்தை இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் ஏற்றுவது வழக்கம். அப்போது விலையோ லட்சங்களில் ஓடியது. டாடா மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். அணுக்களிலுள்ள பிடிப்பிடங்களை நிரப்பச் சிறு அளவே போதும் என்பது கணிப்பு. 151 பேரில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியோர் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்ந்தவர்களில் 43.4. குணமாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. நிவோலுமாப் சேர்ந்தவர்களின் இடைநிலை ஆயுளே பத்து மாதம்தான். ஆனால் எட்டாத மருந்தில், ஒரு தவணை அளவின் பன்னிரண்டில் ஒரு பங்கு எட்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை போடுவது. தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை படுத்துப்போய் உயிர்விட்டவர்கள் உண்டு. கல்லீரலையும் பதம் பார்க்கக்கூடியது. குற்றாலத்துச் சீசன் கடையில் வாங்கிய மூலிகைப் பொடி கூடவே ஓடுகிறதென்றால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.