நகரமும் வாடகையும் – 9: பழைய வயலேஷன், புதிய உரிமையாளர்

நியூயார்க்கில் மூன்று குடித்தனம் உள்ள பழைய கட்டடத்துக்கு விலை பேசினால், வாங்குபவரின் வக்கீல் முதலில் துழாவுவது நகர வீட்டுவசதித் துறையின் பதிவேட்டைத்தான். ‘எச்.பி.டி.’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். முகவரியைத் தட்டினால் கட்டடத்தின் ஜாதகமே வந்துவிடும். எண்பதுகளில் இன்ஸ்பெக்டர் எழுதிய வயலேஷன், அதாவது விதிமீறல் குறிப்புகூட இன்னும் ‘ஓப்பன்’ என்றே நிற்கும். குழந்தை விழாமலிருக்க ஜன்னலுக்குக் கம்பி போடவில்லை என்று அன்று எழுதியிருப்பார்கள். அந்தக் குழந்தைக்கே இன்று நாற்பது வயது தாண்டியிருக்கும்.

கம்பியை எப்போதோ போட்டிருப்பார்கள். போட்டதாகத் துறைக்கு எழுதித்தான் தந்திருக்க மாட்டார்கள். வயலேஷன் ஆளின் பேரில் இல்லை, கட்டடத்தின் பேரில் இருக்கிறது. விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாங்கியவர் தலையில் விடியும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு கிரயத்திலும் ஒழுகும் கூரையின் பழி கழுவப்பட்டுவிடும்.

வயலேஷனில் மூன்று வகுப்பு. ஆபத்தில்லாத ‘ஏ’வுக்கு 90 நாள் கெடு, ஆபத்தான ‘பி’க்கு 30 நாள், உடனடி ஆபத்தான ‘சி’க்குப் பெரும்பாலும் 24 மணி நேரம். ஈயப் பெயின்ட், ஜன்னல் கம்பி போன்ற சிலவற்றுக்கு 21 நாள். கெடுவுக்குள் சரிசெய்து உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் துறை குடியிருப்பவருக்குக் கடிதம் அனுப்பும். 70 நாளுக்குள் மறுசோதனையில் குறை தெரியாவிட்டால் சரியானதாகவே கணக்கு. பொய்க் கையெழுத்துக்கு அபராதம் உண்டு. இருந்தாலும் இந்த 70 நாள் ஏற்பாடு உரிமையாளரைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறது.

கெடு தாண்டிய பழைய பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலில் கட்டடத்தின் வருடாந்திரப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். பிறகு தள்ளுபடி கேட்டு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் வரும்போது குடியிருப்பவர் வேலைக்குப் போயிருந்தால், உள்ளே என்னதான் மராமத்துப் பார்த்திருந்தாலும் வயலேஷன் அப்படியே நிற்கும். வாடகைத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத உரிமையாளர்கூட அன்றைக்கு மட்டும் வாசலில் நின்று கெஞ்சுவார்.

வந்தவர் என்ன பார்ப்பார்? வீட்டுக் கதவை அகலத் திறந்து கையை எடுத்துவிடுவார். கதவு தானாக வந்து சாத்தி, தாழ்நாக்கு ‘க்ளிக்’கென்று விழ வேண்டும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் தடித்த கதவு நிலையில் இடித்து, ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். கீலின் ஸ்பிரிங்கை முறுக்கி, விளிம்பை இழைத்துவிட்டால் தீரும். அரை மணி வேலை.

அந்த அரை மணி வேலையின் விலை 2022 ஜனவரி 9 அன்று பிராங்க்ஸில் தெரிந்தது. ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் கட்டடம். ஹீட்டரில் பற்றிய தீ கீழேயே நின்றுவிட்டது. தப்பி ஓடிய குடும்பத்தின் கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. மேலே ஒரு மாடிப்படிக் கதவும் சாத்தவில்லை. புகை கட்டடம் முழுக்க ஏறியது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். அதன் பிறகு இந்தக் கதவுக்கான கெடுவை 21 நாளிலிருந்து 14 நாளாகக் குறைத்தார்கள்.

எச்.பி.டி. பாக்கியைத் தீர்த்தவர்களும் இன்னும் உட்கார முடியாது. கட்டடத் துறையின் வயலேஷன் தனிக் கணக்கு. இங்கே வாங்கிய தள்ளுபடி அங்கே செல்லாது. அனுமதியில்லாமல் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்ட வீடுகள் மாட்டுவது அங்கேதான். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை அந்த அறைகளுக்குள் புகுந்த கதை அடுத்த வாரம்.