கையெழுத்துக்கு முன்

“டாக்டரும் இல்ல, சயன்டிஸ்டும் இல்ல. கேக்கிறவங்ககிட்ட என்ன வேலைன்னு சொல்றது?” ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு மருத்துவ நெறிமுறை படிக்கப்போகிறேன் என்றதும் அம்மா கேட்ட கேள்வி இது.

உயிர் அறிவியல் படித்துவிட்டுப் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். நான் அங்கே வளர்த்தவை ‘ஹீலா’ உயிரணுக்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 1951ல் இறந்த ஹென்ரியேட்டா லேக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவருக்குத் தெரியாமலேயே எடுக்கப்பட்டவை. அவருடைய குடும்பத்துக்கு விவரம் தெரிய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த அணுக்களுக்கு இரண்டு ஆண்டுகள் உணவூட்டிய பிறகுதான் அந்தப் பெயரே எனக்குத் தெரியவந்தது. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் என் பாதையை மாற்றியது பால்டிமோர் அல்ல, இங்குள்ள மருத்துவமனைக் காத்திருப்புக்கூடம். ஆய்வுக்கு ரத்தம் தருவோரிடம் சம்மதம் வாங்க, தமிழ் தெரியும் என்பதால் என்னையும் அனுப்பினார்கள். பாட்டி ஒருவர் படிவத்தைப் பார்க்கவே இல்லை. “எங்க போடணும், சொல்லும்மா” என்று பேனாவை வாங்கினார். விளக்கத் தொடங்கினால், “டாக்டர் சொன்னா சரிதானே” என்றார். கையெழுத்துப் போட்ட பிறகு மெதுவாகக் கேட்டார்: “எனக்கு ஏதும் நோய் இருந்தா சொல்லுவீங்கல்ல?”

அதைச் சிகிச்சைக்கான பரிசோதனை என்றே அவர் நினைத்திருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. குழுவினரிடம் சொன்னேன். அவருடைய மகள் வந்ததும் முதலிலிருந்து விளக்கினோம். “அப்ப வேணாம்மா” என்றார். ஒரு மாதிரி குறைந்தது. யாரும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

அன்றிரவுதான் சிங்கப்பூரின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தை (2015) முதன்முறையாகப் படித்தேன். ஆய்வின் நோக்கம், ஆபத்து, விலகும் உரிமை எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சம்மதம் பெறவேண்டும். ஆய்வுத் திட்டம் இடம் தந்தால், தற்செயலாகத் தெரியவரும் நோய்பற்றித் தெரிவிக்கத் தங்களை அடையாளம் காணலாமா என்றும் கேட்கவேண்டும். பாட்டியின் கேள்வி சட்டத்திலேயே இருந்தது!

இத்துறைக்குத் தத்துவப் பட்டம் இருந்தால்தான் வரலாம் என்றில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 2006 முதல் உயிர்மருத்துவ நெறிமுறை நிலையம் இயங்குகிறது. ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுக்களுக்கு அறிவியல் தெரிந்தவர்களும் தேவை. தொடக்கம் மட்டும் கடினம். வரைபடங்களைப் படித்துப் பழகிய எனக்கு, இரண்டு பக்கத் தத்துவக் கட்டுரை ஒரு வாரத்தை விழுங்கியது.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மருத்துவமனையிலிருந்து வாட்ஸ்அப்பில் படிவத்தின் படம் வந்தது. கீழே ஒரு வரி: “இதுல நாலாவது பத்தி என்ன சொல்லுது? இன்னும் கையெழுத்துப் போடல.”