குசினிச் சுவருக்கு எது பொருந்தும்? மல்லாவி வீடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

மீள்குடியேறிப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் வன்னியின் பல வீடுகளில் வேலை முடியாமல் நிற்கும் இடம் குசினிதான். விறாந்தைக்குப் பெயின்ற் அடித்திருப்பார்கள். சாமியறைக்குக் கதவு போட்டிருப்பார்கள். குசினிக்குள் போனால் அடுப்புக்குப் பின்னால் சுவர் கரிபிடித்து, எண்ணெய் தெறித்து, அடியில் சாந்து உதிர்ந்துபோயிருக்கும்.

இதை அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியபோது புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டன. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தால்தான் அடுத்த பணம் வரும். மணலும் கூலியும் விலையேறியதால் பலருக்கு அந்தப் பணம் கூரையோடு முடிந்துபோனது. நகையை அடகுவைத்து மிகுதியைக் கட்டியவர்களும் உண்டு. அப்படிக் கட்டிய வீட்டில் கடைசியாக எட்டிப்பார்க்கப்படுவது குசினிச் சுவர்.

இப்போது கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், அல்லது வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியதும், முதலில் கேட்கப்படும் கேள்வி "குசினிக்கு மாபிள் பதிப்போமா?" என்பதுதான். பதிக்கலாம். ஆனால் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

சீமெந்தே இல்லாதிருந்த ஊர்

மல்லாவிக்குச் சுவர் என்பது எப்போதும் எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களும், 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் வந்து சேர்ந்தபோது துணுக்காய், மல்லாவிப் பகுதி திடீரென்று நெரிசலான ஊராகியது. அக்காலத்தில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. 1950இல் தொடங்கப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையோ 1990இலேயே நின்றுவிட்டது. ஆகவே மண்ணால் சுவர் வைத்து, கிடுகால் கூரை வேய்ந்து, சாணியும் மண்ணும் கலந்து மெழுகித்தான் குசினிகள் அமைந்தன. 2008இல் அந்தக் குசினிகளையும் விட்டுவிட்டுச் சனம் கிழக்கே நகர்ந்தது. திரும்பி வந்தபோது தறப்பாளும் தகரமும்தான் சுவர்.

அந்த மண் குசினியில் ஒரு பாடம் இருக்கிறது. மண்சுவர் தீப்பற்றாது, சூட்டைத் தாங்கும், பழுதானால் அடுத்த வெள்ளிக்கிழமை மெழுகிவிடலாம். குசினிச் சுவரின் மேற்பூச்சுக்குத் தேவையான குணங்களும் இவைதான்: சூடு தாங்க வேண்டும், ஈரம் உள்ளே போகக்கூடாது, துடைத்தால் அழுக்குப் போக வேண்டும், பழுதானால் நம்மால் திருத்த முடிய வேண்டும். மண்சுவரிடம் இல்லாதவை இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

எந்தப் பொருள் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது அடுப்பு. காஸ் அடுப்பு என்றால் சுவருக்கு வருவது எண்ணெய்த் தெறிப்பும் நீராவியும். விறகடுப்பு என்றால் நேரடிச் சூடும், புகையும், பிசுபிசுப்பான கரியும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவத்துக்குப் பிறகு, காஸ் வைத்திருக்கும் வீடுகளும் விறகடுப்பைக் கைவிடத் தயங்குகின்றன. இரண்டும் உள்ள குசினியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பொருளைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவரில் படியும் கரி நெஞ்சிலும் படிகிறது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. சுவருக்கு மாபிள் போட்டால் கரியைத் துடைக்கலாம். புகையைத் துடைக்க முடியாது. ஆகவே புகைக்கூடு அடைபட்டிருந்தால், அல்லது குசினிக்கு யன்னல் போதாவிட்டால், முதல் காசு அங்கே போக வேண்டும். களிமண்ணால் செய்த இரட்டை வாய் 'அனகி' அடுப்பு விறகையும் புகையையும் குறைக்கும். புகை குறைந்தால் சுவரின் பிரச்சினையில் பாதி தானாகவே குறையும்.

சீமெந்து மினுக்கு

எல்லாவற்றிலும் மலிவானது, ஊர் மேசனால் செய்யக்கூடியது இது. சாந்து பூசிய சுவர் இறுகுவதற்கு முன் அதன்மேல் சீமெந்துப் பாலைத் தேய்த்து, கரண்டியால் இழைத்து மினுக்குவது. நிலத்துக்குப் போடும் சிவப்பு, பச்சைச் சாயத்தை இதிலும் கலக்கலாம். பழைய கல்வீடுகளில் ஐம்பது வருடம் நின்ற நிலங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உறுதி தெரியும்.

விறகடுப்புக்குப் பின்னால் இது நன்றாக நிற்கும். பலவீனம், நுண்ணிய வெடிப்புகள் வருவது. அவசரமாகக் காயவிட்டால் கட்டாயம் வரும். ஒரு கிழமைக்காவது காலை, மாலை தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தால் குறையும். புளி, தேசிக்காய், வினாகிரி தெறித்தால் உடனே துடைக்க வேண்டும். அமிலம் சீமெந்தை அரிக்கும்.

எண்ணெய்ப் பெயின்ற்

காஸ் அடுப்பு மட்டும் உள்ள குசினிக்கு, மினுக்கமான எனாமல் பெயின்ற் போதுமானது. துடைக்கலாம், மலிவு, அடுத்த வருடம் மீண்டும் அடிக்கலாம். புதிதாகச் சாந்து பூசிய சுவரென்றால் ஏறக்குறைய ஒரு மாதம் காயவிட்டு, அடிப்பூச்சு அடித்த பிறகே இதை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரின் காரமும் ஈரமும் பெயின்றைக் கொப்பளிக்க வைக்கும். விறகடுப்புக்குப் பின்னால் இது வேண்டாம். சூட்டில் பொங்கி உரியும்.

மாபிள்

நம்மூரில் மாபிள் என்று சொல்வது பெரும்பாலும் சுட்ட களிமண் ரைல்ஸைத்தான். உண்மையான சலவைக்கல் அல்ல. கூரை ஓடும் இதுவும் ஒரே குடும்பம். போரினால் இயக்கம் நின்றுபோன ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு, மண்ணைச் சுட்டால் எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரைல்ஸின் முகத்தில் கண்ணாடிபோன்ற பூச்சு இருப்பதால் எண்ணெய் ஊறாது. சூட்டையும் தாங்கும்.

வாங்கும்போது சுவர் ரைல்ஸைக் கேளுங்கள். நில ரைல்ஸ் பாரம் கூடியது. சுவரில் பதிக்கக் கூடுதல் பசையும் வேலையும் வேண்டும். மிகப் பெரிய அளவும் சிறிய குசினிக்கு நட்டம்தான், வெட்டி எறிவது கூடும். மேடுபள்ளமான அலங்கார முகமும் வேண்டாம், பள்ளத்தில் எண்ணெய் தங்கும்.

எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். சமையல் மேடை 8 அடி நீளம், சுவரில் 2 அடி உயரத்துக்குப் பதிப்பதென்றால் 16 சதுர அடி. 12 அங்குலத்துக்கு 8 அங்குல ரைல்ஸ் ஒன்று மூன்றில் இரண்டு சதுர அடி. ஆகவே 24 ரைல்ஸ். உடைவுக்கும் வெட்டுக்கும் பத்துக்கு ஒன்று கூட்டினால் 27. அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் 4 அடிவரை உயர்த்துவது நல்லது. குசினி முழுவதும் கூரைவரை பதிப்பது அழகுக்காக மட்டுமே, பாதுகாப்புக்குத் தேவையில்லை. மிஞ்சும் மூன்று நான்கை எறியாமல் வையுங்கள். பின்னர் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

பதிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரைல்ஸின் பின்பக்கத்தில் நடுவில் மட்டும் சாந்து உருண்டை வைத்து ஒட்டினால் மூலைகள் பொள்ளலாக நிற்கும். முகம் முழுவதும் பரவியிருக்க வேண்டும். சீமெந்துச் சாந்தில் பதிப்பதென்றால் ரைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவிட வேண்டும். பையில் வரும் பசையில் பதிப்பதென்றால் அந்தப் பையில் எழுதியிருப்பதைப் பின்பற்ற வேண்டும். மறுநாள் விரலால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் உள்ள இடம் வேறு சத்தம் தரும். காசு கொடுக்கும் முன் தட்டிப் பாருங்கள். இடைவெளியைப் பூச்சால் நிரப்புவது அதன் பிறகுதான். மேடையும் சுவரும் சந்திக்கும் மூலையில் மட்டும் சீமெந்துக்குப் பதில் சிலிக்கன் போட்டால் வெடிக்காது, தண்ணீரும் இறங்காது. கறை போக்க அசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். ரைல்ஸ் தப்பும், இடைப்பூச்சு கரைந்துவிடும்.

தகடும் கண்ணாடியும்

பலகை, கிடுகுக் குசினிகளுக்கு ரைல்ஸ் பதிக்கச் சுவரே இல்லை. அங்கே அடுப்புக்குப் பின்னால் ஒரு தட்டைத் தகரம் உயிரையே காக்கும். தகரத்தைப் பலகையோடு ஒட்டி அடிக்காமல், ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போகும்படி பொருத்த வேண்டும். ஒட்டி அடித்தால் சூடு நேராகப் பலகைக்குப் போகும். கறள் பிடிக்காத சில்வர் தகடு இன்னும் நல்லது, ஆனால் விலை கூட. தகட்டின் விளிம்பு மின்சார வயரிலோ பிளக் புள்ளியிலோ முட்டாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

கண்ணாடி விரும்புபவர்கள் யன்னல் கண்ணாடியை வெட்டி ஒட்டக்கூடாது, சூட்டில் வெடிக்கும். இதற்கென்று சூடேற்றி இறுக்கிய கண்ணாடி உண்டு. அதைப் பின்னர் வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவெடுத்துச் சொல்லிச் செய்விக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையில்லாத செலவு.

வேண்டாதவை இரண்டு

ஒன்று, பிளாஸ்ரிக். மாபிள் போலவே தோன்றும் ஒட்டுத்தாளும், சீலிங்குக்கு அடிக்கும் பீ.வி.சீ. பலகையும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அரைநாளில் குசினி புதிதாகிவிடும். ஆனால் அடுப்புக்கு அருகில் அவை உருகும். பற்றினால் நச்சுப் புகை வரும். அலுமினியத் தகடு என்று விற்கப்படுபவற்றிலும் சிலவற்றின் நடுவில் பிளாஸ்ரிக் இருக்கிறது. 2017 ஜூனில் லண்டன் கிறென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த அத்தகைய தகடுகள் வழியாகவே மேலேறியது. கழுவும் தொட்டிப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

மற்றது, அஸ்பெஸ்ரஸ் சீற். தற்காலிகக் கொட்டில்களின் கூரையாக இருந்த சீற்றுகளை வெட்டி அடுப்புக்குப் பின்னால் நிறுத்துவது வழக்கம். அது தீப்பற்றாது என்பது உண்மை. ஆனால் வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடையும்போதும் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயைத் தரக்கூடியது. நாளும் துடைத்து உரசும் இடத்தில் அதை வைக்கக்கூடாது. ஏற்கெனவே இருந்தால் உடைக்காமல், தண்ணீரால் நனைத்து, முழுதாகக் கழற்றி அகற்றுங்கள்.

அடியில் இருக்கும் சுவர்

எதைப் போட்டாலும் அது நிற்பது அடியில் உள்ள சுவரில்தான். கரிபிடித்த சுவரிலும், எண்ணெய்ப் பெயின்ற் அடித்த சுவரிலும் சாந்து பிடிக்காது. கழுவி, கொத்தி, சொரசொரப்பாக்கிய பிறகே ரைல்ஸ் பதிக்க வேண்டும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். ஓர் அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரத்தைத் தீர்க்காமல் ரைல்ஸ் வேண்டாம்.

போருக்கு முன் கட்டிய சுவர்களைத் திருத்தி இருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. சன்னம் துளைத்த இடங்களில் உதிர்வதைச் சுரண்டி, நனைத்து, சாந்தை இரண்டு மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். உள்ளே இரும்புத் துண்டு தங்கியிருந்தால் அது கறள் பிடித்து ஊதி, பூச்சை வெளியே தள்ளும். சன்னம் என்று உறுதியாகத் தெரியாத எந்த உலோகப் பொருள் தென்பட்டாலும் கொத்துவதை நிறுத்திப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அதிர்ச்சியில் பிளந்த சுவரென்றால், வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த பின்னும் வெடிப்பு கோட்டைத் தாண்டாவிட்டால் பதிக்கலாம். தாண்டினால் பிரச்சினை அத்திவாரத்தில் இருக்கிறது. மேலே போடும் மாபிளும் அதே கோட்டில் வெடிக்கும்.

கடனுக்கு வேண்டாம்

வடக்கில் நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. கிழமைக்குக் கிழமை வட்டிகட்டி மாபிள் பதிக்கும் அளவுக்குக் குசினிச் சுவர் அவசரமானதல்ல. 16 சதுர அடியைச் சீமெந்தால் மினுக்கினாலே சுவர் காக்கப்பட்டுவிடும்.

காசு வரும் வரிசைப்படி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் புகைக்கூடும் யன்னலும். அடுத்தது ஈரமும் வெடிப்பும். பிறகு அடுப்புக்குப் பின்னால் உள்ள நாலடிச் சுவர். அதன்பின் மேடை நீளத்துக்கு இரண்டடி உயரம். நிறமும் பூவேலையும் கடைசி. இந்த வரிசையில் எந்தப் படியில் காசு நின்றுபோனாலும், அதுவரை செய்த வேலை வீணாகாது.