ஒண்முகிலின் மெலிந்த கோடு

தை, மாசி மாதங்களில் மல்லாங்கிணற்றுக் கரிசல் வெளியில் முன்னிரவு வேளையில் அண்ணாந்து நோக்கினால், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே புகை போன்ற திட்டு ஒன்று மங்கலாகத் தெரியும். அதுவே ஓரியன் ஒண்முகில். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர் பட்டு, எலெக்ட்ரான்களை இழந்து ஒளிரும் வாயு அது.

அவ்வொளியை நிறமாலைமானியால் பிரித்தால் தனித்தனிக் கோடுகள் தோன்றும். இத்தகைய ஒண்முகில் ஒன்றில் 1864இல் ஹக்கின்ஸ் கண்ட பச்சைக் கோட்டை, மண்ணுலகில் இல்லாத ‘நெபுலியம்’ என்னும் தனிமத்தின் கோடு என்றே பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் கோடே என்று 1927இல் போவன் விளக்கினார்.

அதே ஆக்சிஜன் 4363 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் மிக மெலிந்த கோடு ஒன்றையும் தருகிறது. இதனை 5007 ஆங்ஸ்ட்ராமில் உள்ள பச்சைக் கோட்டோடு ஒப்பிட்டு வாயுவின் வெப்பநிலையைக் கணக்கிடுவர். இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. பதிவில் கலக்கும் இரைச்சல் மெலிந்த கோட்டைச் சிலபோது உயர்த்தும், சிலபோது தாழ்த்தும். தாழ்ந்த கோடு கண்ணுக்குத் தப்பிவிடும், உயர்ந்ததே அளக்கப்படும். சந்தையில் மெல்லப் பேசுவோருள், தற்செயலாகக் குரல் உயர்த்தியவர் பேச்சு மட்டும் நம் காதில் விழுவதைப் போன்றது இது. கண்டவற்றை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் பிழை நீங்காது. தாழ்ந்தவை கணக்கிலேயே சேரவில்லையே! மெலிந்த கோடுகள் இவ்வாறு மிகையாக அளக்கப்படுவதை ரோலா, பெலா என்னும் இருவர் 1994இல் ஆராய்ந்து காட்டினர்.

கோடு மிகையானால் வெப்பநிலையும் மிகையாகும்; அதனால் ஆக்சிஜனின் அளவு உண்மையினும் குறைவாகக் கணக்கிடப்படும். திரட்டும் ஒளி கூடுந்தோறும் இரைச்சலின் பங்கு குறையும். காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் அகன்ற ஆடி அமைந்திருப்பது இவ்வகையிலும் பயன்படுகிறது.